சிட்டுவுக்கு வைத்த முட்டை

மருமகள் வரும்போது கூட என்னென்ன வரும் என்று அன்னாள் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். கட்டில் வரும், பீரோ வரும், பித்தளைக் குடம் வரும், மிஞ்சிப்போனால் ஒரு வாஷிங் மிஷின் வரும். நாய் வரும் என்று சொப்பனத்தில்கூட நினைக்கவில்லை.

வந்தது. கல்யாண வேனின் கதவைத் திறந்ததும் பெண்ணுக்கு முன்னால் அதுதான் இறங்கியது. கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே இரண்டு பழுப்புப் பொட்டு, குச்சி குச்சியாகக் கால்கள், முதுகோடு ஒட்டிய வயிறு. ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் கற்பூரம் அணைவதுகூடத் தெரியாமல் அதையே பார்த்தார்கள். பக்கத்து வீட்டுப் பூவாத்தாள் சும்மா இருக்கிற ஆளா? பெண் வீட்டில் இதற்குச் சோறே போட மாட்டார்களா என்று அங்கேயே அன்னாளின் காதைக் கடித்துவிட்டாள்.

அன்னாளின் மகன் ஜெரின் ரிக் வண்டிக்காரன். ஊர் ஊராகப் போய் போர் போடுகிற வேலை. கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமத்தில் கோயில் வளாகத்தில் போர் போடப் போனவன், தண்ணீரையும் பார்த்தான், பெண்ணையும் பார்த்தான். ஜெஸ்ஸி. தாயில்லாப் பெண். அப்பா தோமினிக் மட்டும்தான். நம் சபை, நல்ல குடும்பம் என்று பங்குச் சாமியாரும் சொன்னதால் அன்னாள் சரியென்றாள். நாயைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

தோமினிக்தான் எல்லோர் முன்னாலும் நாயின் கயிற்றை அன்னாள் கையில் கொடுத்தார். உயரமான மனிதர், அந்த நாயைப் போலவே ஒட்டிய வயிறு, பேச்சு குறைவு.

"சம்பந்தி, இது கன்னி சாதி வேட்டை நாய். எங்க பூட்டன் காலத்துல இருந்து வர்ற வழி. குட்டிய விக்கிற பழக்கம் எங்க வீட்டுல கெடையாது. பொண்ணு வாழப் போகையில ஒரு பெட்டக்குட்டி கூடப் போகும். மொத ஈத்துல ஒரு பெட்டக்குட்டி பொறந்த வீட்டுக்குத் திரும்பி வரணும். அம்புட்டுத்தான் நாங்க கேக்கிறது."

"அதுக்கென்னங்க சம்மந்தி, தாராளமா வரும்" என்று அன்னாள் வாக்குக் கொடுத்தாள். கல்யாண வீட்டில் அதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்?

நாய்க்குப் பெயர் சிட்டு. ராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை போகிற சாலையில் இறங்கி, மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே கொஞ்சம் நடந்தால் அன்னாளின் ஊர். இந்தப் பக்கம் நாய் என்றால் கோழிப்பண்ணைக் காவலுக்கு நிற்கிற மொத்தையான நாய். குரைக்கும், கடிக்கும், போட்டதைத் தின்னும், வாசலில் புரளும். சிட்டு அந்த ரகமே இல்லை. குரைக்கத் தெரியுமா என்றே சந்தேகம். யாரிடமும் வாலாட்டிக்கொண்டு போகாது. ஜெஸ்ஸியைத் தவிர யார் கூப்பிட்டாலும் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, உங்களுக்கும் எனக்கும் என்ன பேச்சு என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆனால் காலையில் அறுவடை முடிந்த காட்டில் அவிழ்த்துவிட்டால் அதைப் பார்க்க வேண்டும். ஜெரின் பைக்கை முறுக்கிக்கொண்டு வண்டித்தடத்தில் போவான், அது காட்டுக்குள்ளேயே அவனைத் தாண்டிப் போகும். நாலு காலும் தரையில் இல்லாத நேரம்தான் அதிகம். முயல் பிடிக்கிற சாதிதான் என்றாலும் இப்போது முயலைத் தொட்டால் கேஸ் ஆகிவிடும், அதனால் சும்மா ஓட்டம் மட்டும். அந்த ஓட்டத்தைப் பார்க்க வேலிக்கு வெளியே ஆட்கள் நின்றார்கள். அன்னாளும் பால் சொம்போடு நின்று பார்த்திருக்கிறாள். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை.

ஓட்டத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். விலா எலும்பைப் பார்த்தவர்கள்தான் ஊர் முழுக்க. தண்ணீர் பிடிக்கிற இடத்தில், பண்ணையில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில், எங்கே போனாலும் இதே பேச்சு. அன்னாளக்கா வீட்டு நாய் எலும்பும் தோலுமாகத் திரிகிறதே, மருமகள் கொண்டுவந்தது என்று வஞ்சம் வைக்கிறார்களா? பூவாத்தாள் இதை ஒரு நாள் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள், சிரித்துக்கொண்டேதான், ஆனால் கேட்டுவிட்டாள். அன்னாளுக்கு அது பொறுக்கவில்லை.

ஏனென்றால் அன்னாள் சோற்றுக்குப் பேர்போனவள். அவள் வீட்டுக்குப் போன தபால்காரன்கூட வெறும் வயிற்றோடு திரும்பியதில்லை. சின்ன வயதில் அவள் பசியைப் பார்த்தவள். மடத்துப் பள்ளிக்கூடத்தில் கூட்டாளிப் பிள்ளைகள் அவள் பாவாடைக்கு மேலே தெரிகிற விலா எலும்பை விரல் வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணி விளையாடுவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே நிற்பாள். வீட்டுக்கு வந்துதான் அழுவாள். அப்போதே முடிவு பண்ணிக்கொண்டாள், தனக்கென்று ஒரு வீடு வந்தால் அந்த வீட்டில் மனுசனோ மாடோ ஒருத்தருக்கும் எலும்பு தெரியக்கூடாது. புருசன் மார்ட்டின் சாகிற வரைக்கும் தொப்பையோடுதான் இருந்தார்.

அப்படிப்பட்டவளிடம் போய் ஜெஸ்ஸி, காலையில் ஒரு கிண்ணம் கம்மங்கூழும் மோரும், சாயங்காலம் ஒரு கிண்ணம், வாரத்தில் இரண்டு நாள் எலும்பு, அதற்கு மேல் வேண்டாம் அத்தே என்றாள். கடைசி மூன்று விலா கண்ணுக்குத் தெரிய வேண்டும், தெரியாவிட்டால்தான் நாய்க்குச் சீக்கு என்று தன்மையாகத்தான் சொன்னாள். அந்தப் பெண் எதையும் தன்மையாகத்தான் சொல்லும். அன்னாள் சரி என்று தலையாட்டினாள். உள்ளுக்குள்ளே, வாயில்லாத சீவனைப் பட்டினி போடுவதற்கு ஒரு சட்டமா என்று நினைத்துக்கொண்டாள்.

தை முடிந்ததும் ஜெரினின் ரிக் சத்தீஸ்கர் பக்கம் கிளம்பியது. இந்த முறை போனால் கிறிஸ்துமஸுக்குத்தான் திரும்புவான். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் ஜெஸ்ஸி ஒரு நூல் மில்லில் சேர்ந்தாள். முதல் ஷிப்ட். விடியுமுன்பே மில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். காலை ஓட்டம் நின்றது. சாயங்காலம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வருவாள், அவ்வளவுதான்.

அன்னாளுக்குக் கோழிப்பண்ணையில் வேலை. முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்குவது. கீறல் விட்ட முட்டை லாரிக்கு ஏறாது, அதை வேலைக்காரர்கள் எடுத்துக்கொண்டு போகலாம். ஒரு நாள் அப்படிக் கொண்டுவந்த முட்டையில் ஒன்றை வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்துவிட்டுக் கை கழுவினாள். திரும்பினால் சிட்டு நிற்கிறது. கிட்டே வரவில்லை, கேட்கவில்லை, முட்டையைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. கல்யாணம் முடிந்த நாளிலிருந்து அது அவள் முகத்தைப் பார்த்தது அப்போதுதான். அன்னாள் முட்டையை உடைத்து ஒரு சட்டியில் ஊற்றினாள்.

அன்றைக்கு ஒன்று. அப்புறம் இரண்டு. அப்புறம் பண்ணையில் கழித்த கோழியின் ஈரல், அப்புறம் மிச்சச் சோற்றில் குழம்பு பிசைந்து ஒரு உருண்டை. ஜெஸ்ஸி மில்லிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டு முன் அறையில் தூங்குகிற நேரம் பார்த்து, பின்பக்கம் தொட்டியடியில் இந்த விருந்து நடக்கும். கூழ்க்கிண்ணமும் வழக்கம்போல வைக்கப்படும், அதுவும் காலியாகும்.

சாப்பிட்டு முடித்ததும் சிட்டு ஒரு காரியம் செய்ய ஆரம்பித்தது. அன்னாள் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருப்பாள். அது மெதுவாக வந்து அந்த நீளத் தலையை அவள் மடியில் வைத்து, ஒரு பெருமூச்சு விட்டு, கண்ணை மூடிக்கொள்ளும். யாரையும் சட்டை செய்யாத நாய்! அன்னாளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. மார்ட்டின் போன பிறகு அவள் மடியில் யாரும் தலை வைத்ததில்லை. ஜெரின் வளர்ந்த ஆண்பிள்ளை, எட்ட நின்று பேசுகிறவன்.

அவள் அதனோடு பேசத் தொடங்கினாள். அன்னாளுக்கு மனுசரிடம் நயமாகப் பேச வராது. மருமகளிடம் நல்லதாக நாலு வார்த்தை பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போவாள், வாயைத் திறந்தால் "தண்ணி மோட்டாரை நிறுத்தினியா?" என்றுதான் வரும். பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை, "ஏ புள்ள" தான். அந்தப் பெண்ணும் ஒரு வார்த்தைக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். ஆனால் நாயிடம் பேச என்ன கூச்சம்?

"உன்ர அக்கா இன்னைக்குப் பாதிச் சோத்துல எந்திரிச்சுட்டா சாமி. தலை பூராப் பஞ்சு. அந்த மில்லுல என்ன பாடு படறாளோ. அம்மா இல்லாத புள்ள, ஊட்டு நெனப்பு வந்தாலும் வாயைத் தொறந்து சொல்லாது. தங்கமான புள்ள. எனக்குத்தான் அத எப்படிக் கொஞ்சறதுன்னு தெரியல."

இப்படித் தினமும். சில நாள் பொழுது சாய்கிற வரைக்கும் பேசுவாள். சிட்டு காதை மட்டும் அசைக்கும்.

சித்திரையில் சிட்டுவுக்கு விலா மறைந்தது. வைகாசியில் முதுகு அகன்றது. பூவாத்தாள் வேலி ஓரம் நின்று, இப்பத்தானுங்க பார்க்க லட்சணமா இருக்குது என்றாள். அந்தோணியார் தேர்த் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்களும் அதையே சொன்னார்கள். அன்னாளுக்கு அந்த வருசத் திருவிழா நிறைவாக இருந்தது. ஜெஸ்ஸி மட்டும் நாயின் பக்கத்தில் குத்தவைத்து அதன் விலாவைத் தடவித் தடவிப் பார்ப்பாள். ஓட்டம் இல்லையில்லையா, அதான் சதை போட்டிருச்சு என்று அன்னாள் தானாகவே சொல்வாள். ஜெஸ்ஸி கூழைக் குறைத்தாள். அன்னாள் முட்டையைக் கூட்டினாள்.

ஆனியில் தோமினிக்கிடமிருந்து போன் வந்தது. ஜெஸ்ஸி பேசிவிட்டு அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அங்கே நாய்களுக்கு ரத்தக் கழிச்சல் நோய் விழுந்திருக்கிறது. தாய் நாய் போய்விட்டது. கூடப் பிறந்த இரண்டும் போய்விட்டன. ஊசி போட்டும் நிற்கவில்லை. அப்பா வீட்டுத் தொழுவம் வெறிச்சென்று கிடக்கிறது. அந்த வழியில் இப்போது உயிரோடு இருக்கிற ஒரே பெட்டை, இங்கே தொட்டியடியில் படுத்திருக்கிற சிட்டுதான்.

"அப்பா அழுதாரு அத்தே. எங்கம்மாவுக்குக்கூட அவரு சத்தம் போட்டு அழல. சிட்டு அடுத்து பருவத்துக்கு வரும்போது சாத்தூர்ல இருந்து நல்ல கடுவன் நாய் ஒண்ணக் கூட்டிட்டு வாரேன்னாரு. அதுக்குள்ள இது உடம்பு வத்தணும். இந்தக் கொழுப்போட சினை நிக்காதாம்."

அன்னாள் மாதாவின் படத்தைப் பார்த்தபடி சரி என்றாள். நிசமாகவே நிறுத்தினாள். ஒரு வாரம் முட்டையைப் பண்ணையிலேயே விட்டுவிட்டு வந்தாள். அந்த ஒரு வாரமும் சிட்டு அதே நேரத்துக்குத் தொட்டியடிக்கு வந்து நின்றது. சிணுங்கவில்லை. சட்டி இருந்த இடத்தைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. பிறகு தலையை மடியில் வைக்காமலே போய் வெயிலில் படுத்துக்கொண்டது. பசியோடு நிற்கிறவர்களின் பார்வை அன்னாளுக்குத் தெரியாதா? எட்டாம் வகுப்பு வரை அவளே அப்படித்தான் நின்றிருக்கிறாள். நாய்க்கு இருந்தது பசியில்லை, பழக்கம். அந்த வித்தியாசம் அவள் புத்திக்குத் தெரிந்தது, வயிற்றுக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு முட்டை, அதனால் என்ன ஆகிவிடப் போகிறது என்று திரும்பவும் உடைத்தாள். தலை மடிக்கு வந்தது. ஒன்று எப்போது மூன்றாகியது என்று அவளுக்கே தெரியாது.

புரட்டாசியில் சிட்டு பருவத்துக்கு வந்தது. சேலம் மார்க்கெட்டுக்கு மிளகாய் வற்றல் ஏற்றி வந்த வண்டியில் தோமினிக் அந்தக் கடுவனோடு வந்து இறங்கினார். அதுவும் கறுப்பு, விலா தெரிகிற உடம்பு, இறங்கியதும் காட்டைத்தான் பார்த்தது. மனிதருக்கு ஒரு வருசத்தில் பத்து வயது கூடியதுபோல இருந்தது. மகள் தலையில் கை வைத்து சிலுவை போட்டார். சம்பந்தியைக் கும்பிட்டார். அப்புறம் சிட்டுவிடம் போய் மண்டி போட்டு உட்கார்ந்தார்.

அது அவரை அடையாளம் கண்டுகொண்டது. அவர் கழுத்தில் மூக்கை வைத்து உரசியது. அவர் விரல்கள் அதன் விலாவில் இறங்கி, எலும்பைத் தேடின. தேடின. இன்னொரு பக்கமும் தேடின. அன்னாள் காபி டம்ளரோடு நின்று அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திட்டியிருந்தால் தேவலை. எழுந்து, வேட்டியில் மண்ணைத் தட்டிவிட்டு, "பிள்ளைய நல்லா வச்சிருக்கீக சம்பந்தி" என்றார். எந்தப் பிள்ளையை என்று அன்னாளுக்கு விளங்கவில்லை. முகத்தில் அறைந்ததுபோல இருந்தது.

பொழுது இறங்குகிற நேரம் எல்லோரும் காட்டுக்குப் போனார்கள். வண்டியில் ஒடுங்கிக் கிடந்த கடுவனுக்குக் கால் நீட்ட ஒரு ஓட்டம் வேண்டும் என்றார் தோமினிக். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கி முடித்த காடு, ஒவ்வொரு செடி இருந்த இடத்திலும் ஒரு குழி. சிட்டுவை ஓடவிடக்கூடாது என்று அவர் முன்னாலேயே சொல்லிவிட்டார். இந்தக் கனத்தோடு அது ஓடினால் கால் தாங்காது, ரெண்டும் கயிற்றோடு பக்கத்தில் நின்று பழகட்டும் என்றார். ஜெஸ்ஸி கடுவனின் கழுத்துப்பட்டையை அவிழ்க்கக் குனிந்தபோது அவர் சிட்டுவின் கயிற்றை அன்னாளிடம் கொடுத்தார்.

"கயித்த விட்டுராதீக சம்பந்தி."

அந்தச் சொல்லும் அவளுக்குக் குத்தியது. காபி கொடுத்த நேரத்திலிருந்து அவள் மனசு புழுங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டு நாய்க்குக் கால் தாங்காதாம். நான் சோறு போட்டுக் கெடுத்துவிட்டேனாம். வாயைத் திறந்து சொல்லாமல் விரலால் சொல்கிறார் இந்த மனுசர். இதே காட்டில் இது பறந்ததை நான் பார்க்கவில்லையா?

கடுவன் கிளம்பியது. கிளம்பியது என்று சொல்வதற்குள் காட்டின் அந்தக் கோடியில் இருந்தது. குழிகளைத் தாண்டி வளைந்து, வரப்பைத் தொட்டுத் திரும்பி வந்தது. சிட்டுவின் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. கயிறு இழுபட்டது. அது திரும்பி அன்னாளைப் பார்த்தது, தொட்டியடியில் முட்டைக்குப் பார்க்கிற அதே பார்வை. அந்தப் பார்வைக்கு அவள் இன்றைக்கு வரைக்கும் இல்லையென்று சொன்னதில்லை.

அன்னாள் கையைத் திறந்தாள்.

ஓடத்தான் செய்தது. முதல் கொஞ்ச தூரம் அது பழைய சிட்டுதான். நீட்டி, சுருங்கி, நீட்டி, காதுகள் பின்னால் படிய, கடுவனுக்குப் பக்கத்தில் போய்விட்டது. அன்னாளுக்கு மார்பு விம்மியது. பாருங்க சம்மந்தி என்று சொல்ல வாயெடுத்தாள். வரப்பு ஓரத்தில் கடுவன் திரும்பியது. சிட்டுவும் திரும்பியது, ஆனால் உடம்பு திரும்பவில்லை. சேர்ந்திருந்த கனம் அதை நேராகவே தள்ளிக்கொண்டு போனது. முன்னங்கால் குழிக்குள் இறங்கியது. காய்ந்த மரவள்ளிக் குச்சி ஒடிகிற சத்தம்போல ஒரு சத்தம் இவர்கள் நின்ற இடம் வரைக்கும் கேட்டது. அப்புறம்தான் அது கத்தியது. குரைக்கத் தெரியுமா என்று ஊர் சந்தேகப்பட்ட நாய், அந்தக் காடு முழுக்கக் கேட்கும்படி கத்தியது.

ஜெஸ்ஸி செருப்பை உதறிவிட்டு ஓடினாள். தோமினிக் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார். அன்னாள் நின்ற இடத்திலேயே நின்றாள். "கயிறு நழுவிருச்சுங்க, கையில இருந்து நழுவிருச்சுங்க" என்று அவள் வாய் தானாகச் சொல்லிக்கொண்டே இருந்தது.

தெரிந்தவரின் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு நாமக்கல் போனார்கள். டாக்டர் நல்ல மனுசர், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முழங்காலுக்கு மேலே எலும்பு தூள் தூளாகியிருந்தது. சேர்க்க வழியில்லை, காலை எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்றார். இந்தச் சாதிக்கு மயக்க மருந்து சேராது, அதிலும் இவ்வளவு கொழுப்பு இருக்கும்போது பயம்தான், ஆனாலும் பார்க்கிறேன் என்றார். பார்த்தார். கால் போனது, உயிர் தங்கியது. ஆனால் மூன்று காலில் இந்த உடம்பு தன்னைச் சுமப்பதே பெரிசு, இனிமேல் குட்டி சுமக்கிற நினைப்பை விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

இதைக் கேட்டதும் தோமினிக் தலையைக் குனிந்துகொண்டார். பூட்டன் காலத்திலிருந்து வந்த வழி அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் முடிந்துபோனது. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கயிறு நழுவுவது யார் கையிலும் நடக்கிறதுதான் சம்பந்தி, மனசைப் போட்டு அலட்டிக்காதீக என்று அவர்தான் அன்னாளுக்கு ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலை வாங்கிக்கொண்டு நின்றாளே, அப்போது பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது அவளுக்கு. மறுநாள் கடுவனைக் கூட்டிக்கொண்டு அவர் பஸ் ஏறினார். வேறு வீட்டில் ஒரு குட்டி பார்க்கலாமே அப்பா என்று ஜெஸ்ஸி கேட்டாள். இனிமே எதுக்கும்மா, வளர்த்து யாருக்குக் குடுக்கப் போறேன் என்று மட்டும் சொன்னார்.

தையல் பிரித்து, மூன்று காலில் சிட்டு எழுந்து நிற்கப் பழகியபோது ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. ஜெஸ்ஸி மில்லுக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடவே இருந்தாள். அன்னாள் பண்ணையிலிருந்து கீறல் முட்டையை எடுத்துவருவதையே விட்டுவிட்டாள். இரண்டு பேரும் நாய்க்கு மருந்து போட்டார்கள், துணி மாற்றினார்கள், அதைப் பிடித்து நிறுத்தினார்கள். பேசிக்கொள்ளவில்லை.

மழை விட்ட ஒரு சாயங்காலம். அன்னாள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். பழைய நேரம் வந்ததும், முன் அறையில் படுத்திருந்த சிட்டு எழுந்தது. தத்தித் தத்தி, சுவரில் ஒரு முறை சாய்ந்து மூச்சு வாங்கி, தொட்டியடிக்கு வந்து நின்றது. சட்டி இருந்த இடத்தைப் பார்த்தது. அன்னாளைப் பார்த்தது. பின்னாலேயே ஜெஸ்ஸி வந்து, ஈரத் தரை என்றும் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

இனிமேலும் அன்னாளால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் திருட்டுத்தனமாக அதற்கு முட்டை வைத்தேன் என்று ஆரம்பித்தாள். பாதியிலேயே ஜெஸ்ஸி தலையாட்டினாள்.

"தெரியும் அத்தே. மொத நாளே தெரியும். அது வாயெல்லாம் முட்ட வாசம்."

"தெரிஞ்சும் ஏன் புள்ள என்னை ஒரு வார்த்தை வையல?"

ஜெஸ்ஸி நாயின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நான் தூங்கறேன்னு நெனச்சுக்கிட்டு நீங்க இதுகிட்டப் பேசுவீகள்ல. அடுப்படிக் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுக்கிட்டு இருப்பேன். அக்கா சாப்பிடல, அக்காவுக்குத் தலை பூராப் பஞ்சு, அக்கா தங்கமான பிள்ளைன்னு. எங்கம்மாவுக்குப் பெறகு என்னைய யாரும் அப்படிச் சொன்னதில்ல. முட்டைய நிறுத்தச் சொன்னா அந்தப் பேச்சும் நின்னுரும்னு சும்மா இருந்துட்டேன் அத்தே. தப்பு எம்மேலயும் இருக்கு."

இந்தப் பெண் தன் பங்கைச் சொல்லிவிட்டது, அதுவும் இல்லாத தப்பையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டு. கயிறு ஒன்றுதான் பாக்கி. அது நழுவியது என்றே இந்தப் பெண் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அன்னாள் மருமகளின் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தாள். வழக்கம்போல ஒன்றும் வரவில்லை. சிட்டு தத்தி வந்து தலையை அவள் மடியில் வைத்தது. அவள் அதன் காதைப் பிடித்துக்கொண்டு, அதனிடமே சொன்னாள்.

"கயிறு நழுவல சாமி. உன்ர அக்காகிட்டப் பொய் சொல்லிப்போட்டேன். சம்மந்தி முன்னால என்ர சோத்துக்கு மானம் போகுதேன்னு, நாந்தான் கையைத் தொறந்து உட்டேன்."

நாயின் முதுகில் இருந்த ஜெஸ்ஸியின் கை நின்றது. அப்புறம் அது முதுகிலிருந்து எடுபட்டது. அன்னாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. இந்தப் பெண் இப்போது எழுந்து உள்ளே போகும், பெட்டியைக் கட்டும், போனால் போகட்டும், அதுதான் நியாயம் என்று நினைத்துக்கொண்டாள். ஓடு வழியாக மழைத் தண்ணீர் தொட்டிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

ஜெஸ்ஸி எழுந்திருக்கவில்லை. அவளும் நாயைப் பார்த்துத்தான் பேசினாள்.

"கேட்டியா சிட்டு? இத மட்டும் நம்ம அப்பாகிட்டச் சொல்லிராத. பிள்ளைய நல்லா வச்சிருக்காகன்னு நம்பிட்டுப் போயிருக்காரு."

சொல்லிவிட்டு முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டு அழுதாள். அன்னாள் கையை நீட்டினாள். அது பாதி தூரம் போய் நின்றது. மடியில் கனத்துக்கொண்டிருந்த தலையை எப்படி எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.